மாதச் சம்பளத்தை விட்டு வருகிறவன்

(பங்கின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"மாதச் சம்பள வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லுமாறு இளைஞர் இயக்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கேள்வி எழுந்த வீட்டில் அமைதி இருக்காது. "எத்தனை காலம் இன்னொருவருக்கு உழைப்பது?" என்பான் மகன். "ஒன்றாம் தேதி தவறாமல் வருகிற சம்பளத்தை விட்டுவிட்டு எதை நம்பி இறங்குகிறாய்?" என்று கண் கலங்குவாள் தாய். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆகவே, விடு என்றோ விடாதே என்றோ நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வேறொரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, நம் புனித சவேரியார் பிறந்த நவார் பகுதியை அடுத்து, பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில் மொந்திராகோன் என்ற ஊர் இருக்கிறது. 1939-ல் உள்நாட்டுப் போர் ஓய்ந்து, மக்கள் வறுமையில் வாடிய காலம். 1941-ல் அந்தப் பங்குக்கு உதவிக் குருவாக வந்தார் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேட்டா. ஹோசே என்றால் நம் மொழியில் சூசை. அப்போது அவருக்கு வயது 25. சிறு வயதில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர்.

ஊரில் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதில் வேலை கிடைத்தால் போதும் என்பதே இளைஞர்களின் கனவு. குருவானவரோ ஒரு தொழிற்கல்விப் பள்ளி தொடங்க நினைத்தார். தெரு முனைகளில் பெட்டிகளை வைத்து, பணமாகவோ உழைப்பாகவோ தங்களால் இயன்றதை எழுதிப் போடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். 1943-ல் 20 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. அங்கே பயின்ற சிலர் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படித்து, சரகோசாவில் தேர்வு எழுதித் தொழில்நுட்பப் பட்டம் பெற்றார்கள். நிர்வாகத்திலும் முதலீட்டிலும் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். தொழிற்சாலை இணங்கவில்லை. அவர்களில் ஐந்து பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள்.

இளைஞர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பள்ளி தொடங்கிய ஆண்டு 1943. அவர்கள் சொந்தத் தொழிலில் இறங்கியது 1955-56-ல். நடுவிலே 12 ஆண்டுகள் உழைப்பும் படிப்பும் இருந்தன. மேலதிகாரி மீதுள்ள கோபத்தில் ஒரே இரவில் ராஜினாமா எழுதியவர்கள் அல்லர் அவர்கள். புதிதாக உரிமம் பெறுவது அரிதாக இருந்ததால், விட்டோரியா நகரில் நொடித்துப் போயிருந்த ஒரு சிறு நிறுவனத்தை அதன் உரிமத்தோடு வாங்கினார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு செய்தார்கள். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னது லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை இவர்கள் போட்டார்கள்.

நீங்களும் போடுங்கள். நிரந்தர வேலையில் தொடர்ந்து 5 ஆண்டுகள் முடித்தவருக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு. நான்காம் ஆண்டில் ஆத்திரப்பட்டு எழுந்து வருகிறவர் அதை இழக்கிறார். வேலையை விட்டால் முதலாளி செலுத்தி வந்த வருங்கால வைப்பு நிதிப் பங்கு நின்றுபோகும், ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் நாளடைவில் போய்விடும். வீட்டிலே பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். மொந்திராகோனிலும் இதே தொல்லை வந்தது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் என்று சொல்லி அரசின் தொழிலாளர் காப்புறுதியிலிருந்து அவர்களை நீக்கிவிட்டார்கள். 1959-ல் அவர்கள் தமக்கென்று ஒரு காப்பு நிதியையும் ஒரு சேமிப்பு வங்கியையும் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

இனி, பெரியோர்களே, உங்களிடம் வருகிறேன். அந்த ஐவருக்கும் முதல் எங்கிருந்து வந்தது? ஊர் மக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எதை நம்பிக் கொடுத்தார்கள்? அந்தப் பிள்ளைகளின் ஒழுக்கத்தையும், அவர்களை வளர்த்த குருவானவரின் சொல்லையும் நம்பித்தான்.

நம் பங்கில் ஒரு பிள்ளை தையற்கடையோ, வெல்டிங் பட்டறையோ திறந்தால் நாம் என்ன செய்கிறோம்? சாமியாரை அழைத்து மந்திரிக்கிறோம், இனிப்புச் சாப்பிடுகிறோம். பிறகு, "நம்ம பையன்தானே" என்று கடன் சொல்லிப் பொருளை எடுத்து வருகிறோம். தெரியாதவன் கடையில் ரொக்கம், தெரிந்தவன் கடையில் கடன்! புதுக் கடைகள் பல, வியாபாரம் இல்லாமல் நொடிப்பதில்லை; வர வேண்டிய பணம் வராமல் நொடிக்கின்றன. பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு, அதிகம் போனால் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. உழைத்தவனின் கூலியை இரவு முழுவதும் வைத்திருப்பதையே மோசேயின் சட்டம் தடுக்கிறது. கிறிஸ்தவனுக்கு எந்தச் சட்டம் போதும்? இந்த வெள்ளிவிழாவுக்குப் பந்தல் போட்டவருக்கும் மின்விளக்குக் கட்டியவருக்கும் கொடியிறக்கத்துக்கு முன்பே கணக்குத் தீர்க்கப்பட வேண்டும் என்று பேரவையை வேண்டுகிறேன்.

எல்லாத் தொழிலும் வெற்றி பெறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஐவர் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமே 2013-ல் நொடித்தது. ஆனால் அதன் உறுப்பினர் பலருக்கு, மொந்திராகோன் கூட்டமைப்பைச் சேர்ந்த மற்ற நிறுவனங்கள் இடம் கொடுத்தன. விழுந்தவரைத் தாங்கக் கைகள் இருந்தன. வேலையை விடுவதில் ஆபத்து உண்டு. தன்னந்தனியாக விடுவதில்தான் பேராபத்து உண்டு.

அருள்தந்தை அரிஸ்மெந்தியாரியேட்டா 1976-ல் இறைவனடி சேர்ந்தார். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.

இளைஞனே, தொழிலைக் கற்றுக்கொள், கணக்கைப் போடு, தாயிடமும் மனைவியிடமும் மறைக்காதே. பெற்றோரே, அழுவதற்கு முன் அவன் கணக்கை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். பங்கு மக்களே, அவன் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். நாசரேத்தில் தம் கையுழைப்பால் திருக்குடும்பத்தைக் காத்த சூசையப்பர் நம் பிள்ளைகளின் பட்டறைகளுக்கும் காவலாக இருப்பாராக.