உயிர் பிழைத்த பின்: நாக்குப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையும் வாழ்க்கைத் தரமும்

(அரசு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் புற்றுநோயைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நோயைப் பற்றிக் கூறவேண்டியதை மருத்துவர்களே கூறவேண்டும். ஆனால், நோயிலிருந்து மீண்டவர் எங்கே திரும்பி வருகிறார்? நம் வீட்டிற்கும், நம் வகுப்பறைக்கும், நம் அலுவலகத்திற்கும்தான். அங்கே அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதைப் பற்றிப் பேசும் பொறுப்பு நமக்கும் உண்டு.

2020-ஆம் ஆண்டில் நம் நாட்டில் உதடு, வாய்ப் பகுதிகளில் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளானோர் ஏறத்தாழ 1,36,000 பேர் என மதிப்பிடப்பட்டது. புகையிலை, பாக்கு, மது ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள். 2016-17-இல் நடைபெற்ற நாடு தழுவிய ஆய்வின்படி, வயதுவந்தோரில் 21.4 விழுக்காட்டினர் மெல்லும் புகையிலை போன்ற புகையில்லாப் புகையிலைப் பொருள்களைப் பயன்படுத்தி வந்தனர். இவ்வாறு வாயில் தோன்றும் புற்றுநோய்களுள் நாக்கில் தோன்றுவது முக்கியமான ஒன்றாகும்.

அறுவையும் அதன் விலையும்

புண் 4 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், ஆழமாக ஊடுருவாமலும், கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமலும் இருப்பதைப் பொதுவாக ஆரம்ப நிலை என்பர். இந்நிலையில் அறுவையே முதன்மையான சிகிச்சை. புண்ணைச் சுற்றிச் சற்று நல்ல தசையையும் சேர்த்து அகற்றுகின்றனர். அகற்றும் பகுதி சிறிதாயின் எஞ்சிய நாக்கை அப்படியே தைத்துவிடலாம். பெரிதாயின் முன்கையிலிருந்து தோலும் இரத்தக் குழாயும் எடுத்துப் பொருத்த வேண்டியிருக்கும்.

கணுக்களில் நோய் தென்படாதபோதும் அவற்றை நாக்கு அறுவையுடனேயே அகற்றுவதா, அல்லது நோய் தென்பட்ட பின் அகற்றுவதா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2004 முதல் 2014 வரை நடைபெற்று, 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு விடை கண்டது. உடனே அகற்றப்பட்டவர்களுள் 80 விழுக்காட்டினரும், காத்திருந்தவர்களுள் 67.5 விழுக்காட்டினரும் மூன்றாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். உலகெங்கும் சிகிச்சை முறைக்கு வழிகாட்டிய இந்திய ஆய்வு இது.

ஆயினும், எந்தப் பயனுக்கும் ஒரு விலை உண்டு என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். கழுத்து அறுவையின்போது தோளுக்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டால் கையை உயர்த்துவது கடினமாகும். நரம்பைக் காத்துச் செய்யும் அறுவையிலும் சிலருக்குத் தோள் வலி நீடிக்கிறது. உயிர் பிழைத்தோர் எண்ணிக்கையில் இவ்வலி இடம்பெறாது. பேச்சுக் குழறலும் உணவு விழுங்கும் சிரமமும் அவ்வாறே.

கணக்கில் வராத இனங்கள்

தனிநபர் வருமானம் மட்டுமே ஒரு நாட்டின் நலத்தைக் காட்டாது என்பதை நாம் அறிவோம். மனிதர் எதைச் செய்ய இயல்கிறது, எவ்வாறு வாழ இயல்கிறது என்பதே வளர்ச்சியின் அளவுகோல் என வாதிட்டவர் அமர்த்தியா சென். அவரே 1952-இல், கல்கத்தாவில் மாணவராக இருந்த காலத்தில், வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர் என்பது பலரும் அறியாத செய்தி.

மருத்துவ உலகிலும் இத்தகைய அளவுகோல்கள் உள்ளன. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கென வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான வினாத்தாள் பன்னிரண்டு இனங்களைப் பற்றிக் கேட்கிறது: வலி, தோற்றம், செயல்திறன், பொழுதுபோக்கு, விழுங்குதல், மெல்லுதல், பேச்சு, தோள், சுவை, உமிழ்நீர், மனநிலை, அச்சம்.

ஆரம்ப நிலையில் வந்தவருக்கு அறுவை மட்டுமே பெரும்பாலும் போதுமானதாகிறது. முற்றிய நிலையில் வருபவருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். அதனால் உமிழ்நீர் வற்றி, சுவை குன்றி, விழுங்குவதே பெரும்பாடாகும். எனவே, விரைவில் கண்டறிதல் உயிரை மட்டுமன்றி, உயிர் வாழும் முறையையும் காக்கிறது.

என் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் டில்லியில் என் பிரிவில் பணியாற்றிய ஒருவருக்கு நாக்கின் பக்கத்தில் சிறு புண் தோன்றிற்று. மூன்று வாரமாகியும் ஆறாததால் மருத்துவரிடம் காட்டினார். நோய் ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்பட்டு, நாக்கின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. இரண்டு மாதங்களில் பணிக்குத் திரும்பினார்.

ஆய்வுக் கூட்டங்களில் புள்ளிவிவரங்களை விளக்குவது அவர் பணி. அவர் சிரமப்படக் கூடாதெனக் கருதி, அவரைக் கேளாமலேயே அப்பணியை வேறொருவருக்கு மாற்றினேன். அவர் மேசையிலிருந்த தொலைபேசியையும் அகற்றச் செய்தேன். நண்பகலில் அவர் தனியே அமர்ந்து உண்ணலானார். ரொட்டியைப் பருப்பில் ஊறவைத்து, இடையிடையே நீர் பருகி, மெல்ல உண்ணவேண்டியிருந்ததைப் பிறர் காண அவர் கூசினார்.

ஒரு நாள் துண்டுத் தாளில் எழுதி என்னிடம் தந்தார்: “ஐயா, மருத்துவர் என் நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார். மீதியைத் தாங்கள் எடுத்துவிட்டீர்கள்.”

நான் பரிவென்று எண்ணியது அவருக்குத் தண்டனையாகியிருந்தது. அடுத்த கூட்டத்தில் அவரே பேசினார். சில சொற்கள் குழறின. கூட்டம் பத்து நிமிடம் நீண்டது. வேறெந்த நட்டமும் நேரவில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சட்டத்தை அறிதல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சுக் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பணிக்காலத்தில் குறைபாடு எய்திய அரசு ஊழியரை அதன் காரணமாகப் பணிநீக்கம் செய்வதோ பதவி இறக்குவதோ கூடாது என்றும் அது விதிக்கிறது. சட்டம் பதவியைக் காக்கும். பதவிக்குரிய பணியைக் காப்பது மேலதிகாரியின் கடமை.

இரண்டாவது, மறுவாழ்வையும் சிகிச்சையின் பகுதியாகக் கருதுதல். 2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம், குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்று, ஏழைகளுக்குப் பெருந்துணை புரிகிறது. எனினும், மருத்துவமனையை விட்டபின் 15 நாள் செலவையே அது ஏற்கிறது. பேச்சுப் பயிற்சிக்கும் தோள் பயிற்சிக்கும் பல மாதங்கள் தேவை. மைசூரிலும் மும்பையிலும் பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனங்கள் உள்ளன. அங்கே பயின்ற வல்லுநர்களின் சேவை மாவட்ட மருத்துவமனை வரை எட்டவேண்டும். பெருஞ்செலவில் உயிரைக் காத்துவிட்டு, சிறுசெலவில் பேச்சை மீட்காதிருப்பது சிக்கனமன்று.

மூன்றாவது, விரைந்து கண்டறிதல். வாயில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டவேண்டும் என்ற ஒரே செய்தியை ஒவ்வொரு அலுவலகமும் கல்லூரியும் பரப்பலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

நண்பர்களே, எத்தனை பேர் பிழைத்தனர் எனக் கேட்பது திட்டமிடுதலின் முதற்படி. பிழைத்தவர் பேசுகிறாரா, பிறருடன் அமர்ந்து உண்கிறாரா, தம் பணியைத் தாமே செய்கிறாரா என்றும் கேட்போமாயின் நம் கணக்கு முழுமை பெறும். அவர் பேசும்போது பொறுமையுடன் கேட்க, நமக்கு எவருடைய ஆணையும் வேண்டியதில்லை.