ஓடும் வண்டி நின்ற கதை



வீட்டு வாயிலில் நிற்கும் மோட்டார் கார் கிளம்ப மறுத்தால் அதைத் தொல்லை என்கிறோம். நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போதே இஞ்சின் அடங்கிப்போனால் அதற்கு என்ன பெயர் இடுவது? தொல்லை என்பதா, ஆபத்து என்பதா? சொல்லைப் பற்றிய வெறும் தகராறு என்று மாணவர்களாகிய நீங்கள் எண்ணக்கூடும். அமெரிக்க நாட்டில் இந்தத் தகராறு பத்தாண்டுக் காலம் தீராமல் கிடந்தது. அதன் விலை மனித உயிர்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெரிய நிறுவனம் 2004ஆம் ஆண்டில் செவர்லே கோபால்ட் என்ற சிறு காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. வாங்கியவர்கள் சிலர் விரைவிலேயே முறையிடலாயினர். ஓடும் வண்டி தானாக நின்றுவிடுகிறது. சாவியின் பக்கம் முழங்கால் இடித்தாலும் நிற்கிறது. பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினாலும் நிற்கிறது என்றார்கள்.

நோய் இஞ்சினில் இல்லை. சாவி நுழையும் சுவிட்சில் இருந்தது. சாவி தன் நிலையிலிருந்து நழுவாதபடி அதனுள்ளே ஒரு சிறு சுருள்வில் ஓர் ஊசியை அழுத்திப் பிடித்திருக்கும். பௌதிக வகுப்பில் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். இந்தச் சுவிட்சுக்கு 20 நியூட்டன் சென்டிமீட்டர், குறைந்தது 15 ஆவது வேண்டும் என்பது நிறுவனம் வகுத்த அளவு. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியில் ஒன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு ஏறத்தாழ ஒப்பானது அது. செய்துவந்த சுவிட்சு அந்த அளவை எட்டவில்லை என்பது சோதனையில் தெரிந்தும், 2002இல் அதற்கு ஒப்புதல் கையெழுத்து விழுந்தது. பிறகு கனமான சாவிக்கொத்து ஒன்று ஊசலாடினாலே போதுமானதாயிற்று.

சாவி ஒரு படி பின்னே நழுவினால் இஞ்சின் நிற்கும். திசைச் சக்கரம் கனத்துவிடும். இவற்றையேனும் ஓட்டுபவர் உணர்வார். அவர் உணராதது ஒன்று உண்டு. மோதலின்போது விரிந்து உயிர் காக்க வேண்டிய காற்றுப்பைக்கும் மின்சாரம் அற்றுப்போகும். அந்த நிலையில் வானொலி பாடும், காற்றுப்பை விழிக்காது! வானொலியில் பேசுகிற நான் இதைச் சொல்ல நேர்வது வேடிக்கைதான்.

நிறுவனத்தார் முறையீடுகளைக் கேளாமலில்லை. கேட்டு, அவற்றை ‘வாடிக்கையாளர் வசதி’ என்ற தலைப்பில் சேர்த்தார்கள். இஞ்சின் நின்றாலும் வண்டியைத் திருப்பி ஓரங்கட்டலாம், ஆகவே பாதுகாப்புக் குறை இல்லை என்பது அவர்கள் வாதம். வசதிக் குறைவென்று வகுத்தபின் செலவுக் கணக்கு முன்னே வந்து நின்றது. 2005இல் திருத்தம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் விற்பனையாளர்களுக்குச் சென்ற சுற்றறிக்கை, சாவிக்கொத்தில் வேண்டாத பொருள்களைக் கழற்றிவிடச் சொன்னது. ஓடும் வண்டி நின்றுபோவதைக் குறிக்கும் நேரான ஆங்கிலச் சொல் அதில் இடம்பெறவில்லை. அச்சொல் பாதுகாப்புக் கேள்வியைக் கிளப்பும் என்ற அச்சமே காரணம் எனப் பிற்கால விசாரணையில் வெளிப்பட்டது. சொல்லை விலக்கினால் பொருளும் விலகிவிடுமென்று நம்பினார்கள் போலும்!

2006இல் விஸ்கான்சின் மாநிலத்தில் நேர்ந்த ஒரு விபத்தை ஆராய்ந்த மாநிலக் காவலர், சாவி நழுவியதையும் காற்றுப்பை விரியாததையும் இணைத்து 2007இல் அறிக்கை எழுதினார். கார் செய்தவர்கள் காணாததைச் சாலைக் காவலர் கண்டார். அந்த அறிக்கையும் பயனற்றுக் கிடந்தது.

2010இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் விபத்தில் மாண்டாள். வண்டி தானாக நிற்கிறதென்று சில நாள்களுக்கு முன்புதான் அதைப் பழுதுபார்க்க விட்டிருந்தாள். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் பக்கத்துப் பொறியாளர், அவ்வண்டியின் சுவிட்சையும் கடையில் புதிதாக வாங்கிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்தார். இரண்டின் மேலும் ஒரே எண் பொறித்திருந்தது. ஆனால் உள்ளே புதியதன் ஊசி நீளமானது, சுருள்வில்லும் வலியது! 2006இல் சுவிட்சைத் திருத்தியவர்கள் அதன் எண்ணை மாற்றவில்லை. பழைய வண்டிகளுக்கும் புதிய வண்டிகளுக்கும் விபத்துக் கணக்கு ஏன் வேறுபடுகிறது என்று தேடியவர்கள் ஆண்டுக்கணக்கில் திகைத்ததற்கு அதுவே காரணம். எண்ணை மாற்றுவது ஒரு நாள் எழுத்து வேலை.

2014ஆம் ஆண்டில் நிறுவனம் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மறு ஆண்டில் 90 கோடி டாலர் செலுத்த அரசாங்கத்துடன் உடன்பட்டது. தொடக்கத்தில் 13 மரணங்களே கணக்கில் இருந்தன. இழப்பீட்டுக்கென நியமிக்கப்பட்ட கென்னத் ஃபைன்பெர்க் என்ற வழக்கறிஞர் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடித்தபோது அந்தக் கணக்கு 124 ஆகியிருந்தது.