ஒருவர் அயர்ந்தால் ஒருவர்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மெட்ரிகுலேஷன் மட்டும் தேறி, இரயில்வே எழுத்தராய்ப் பணிபுரியும் நாம் கணிப்பொறியைப் பற்றிப் பேச எழுந்தது துணிச்சலே. ஆயினும் அதற்கொரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், மகனின் கல்விக் கட்டணம் செலுத்தும் இறுதி நாளன்று ஓர் அலுவலகச் சாளரத்தின் முன் நின்றோம். "சர்வர் இல்லை" என்றார்கள். மாலைவரை காத்திருந்தும் பயனில்லை. நமக்குப் பின் நின்ற தாயொருவர், மகளுக்குக் கிடைத்த இடம் போய்விடுமோ என்று கண்கலங்கினார். ஒரு பொறி நின்றால் ஒரு குடும்பத்தின் கனவும் நிற்க வேண்டுமா? இவ்வினாவே இவ்வுரையின் தோற்றுவாய்.

உணவு விடுதியில் சர்வர் என்பவர் பரிமாறுபவர். கணிப்பொறிச் சர்வரின் தொழிலும் கேட்டதைக் கொணர்ந்து தருவதே. ஒரே சர்வர் உள்ள விடுதியில் அவர் காய்ச்சலில் படுத்தால், அடுப்பெரிந்தும் பசி தீராது. ஆகவே இருவரை அமர்த்துகிறார்கள். இதன் பயனைக் கணக்கிட்டுக் காண்போம்.

ஒரு பொறி நூறு மணிக்கு ஒரு மணி முடங்குவதாகக் கொள்வோம். ஆண்டின் 8,760 மணியில் ஏறத்தாழ 88 மணி வீணாகும். ஒன்றன் நோய் மற்றொன்றைத் தொற்றாதெனின், இரு பொறிகளும் ஒருங்கே முடங்குவது 10,000 மணிக்கு ஒரு மணியே. ஆண்டுக்கு ஏறக்குறைய 53 நிமிடம்! செப்பனிடும் விரைவும் அத்துணை முக்கியம். 990 மணி உழைத்து, 10 மணி பழுதுபார்க்கப்படும் பொறி நூற்றுக்கு 99 பங்கு பயன்படும். அப்பழுது 1 மணியில் நீங்கினால் பயன் 99.9 பங்காக உயரும்.

நிற்க. "தொற்றாதெனின்" என்றோமன்றோ? 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பியரின் அரியான் 5 இராக்கெட்டு எழுந்த நாற்பது விநாடிக்குள் சிதறியது. அதன் போக்கை அளக்கும் கருவிகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே நிரல். ஆதலின் ஒரே பிழையால் இரண்டும் மாய்ந்தன. 1963இல் தும்பாவிலிருந்து முதல் இராக்கெட்டு எழுந்த திருவனந்தபுரத்தில் வாழும் நாம் இப்பாடத்தை மறக்கலாகாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. எஞ்சிய ஒரே தோசையை இரு சர்வர்களும் இரு மேசைக்கு வாக்களித்தால் என்னாகும்? நம் இரயில்வே இதற்கு முன்னமே வழி கண்டது. ஒற்றைப் பாதையில் அடுத்தடுத்த நிலையங்களில் நீல் டோக்கன் பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. ஓர் உருண்டை வெளிவந்தால், அது பெட்டிக்குத் திரும்பும்வரை மற்றோர் உருண்டை வாராது. கம்பி அறுந்தால் வண்டி தாமதிக்கும், மோதாது.

1985இல் தில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, 1999இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் நடுவங்களை இணைத்து நாடெங்கும் ஒன்றாயிற்று. ஒரு படுக்கையை இருவர்க்கு விற்கலாகாது, வரிசையும் நீளலாகாது. ஒவ்வொரு பதிவையும் எல்லா ஏடுகளிலும் எழுதிய பின்னரே சீட்டளித்தால் வேகம் குன்றும். மூன்று ஏடு வைத்து, இரண்டில் பதிந்தாற்போதும் எனின், ஒன்று முடங்கினும் பணி நில்லாது. எந்த இரண்டைத் திறப்பினும் ஒன்றிலேனும் புதிய பதிவு இருக்கும். எத்தனை படி, எவ்வளவு தாமதம், எத்துணை விரைவில் செப்பம் என்பவற்றை முன்னரே கணக்கிட்டு அமைப்பதே பொறியாளர் கலை.

தாய்மார்களே, பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகளை மூலம் இருக்கும் அதே பெட்டியில் வைக்காதீர்கள். ஊரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். ஒரு வீட்டில் நோயென்றால் மறுவீட்டுச் சோறு வருவதன்றோ நம் காலனி வழக்கம்? அதுவும் இக்கணக்கேயாகும்.

அன்றைய கதை நலமாகவே முடிந்தது; மறுநாளும் பணம் பெற்றுக்கொண்டார்கள். ஆயினும் அத்தாயின் அவ்விரவு எளிதாய்க் கழிந்திராது. கணிப்பொறி பயிலும் நம் இளைஞர்களே, நாளை நீங்கள் சர்வர்களை அமைக்கும்போது, சாளரத்தின் முன் நிற்கும் அத்தாயை நினையுங்கள்.