மாற்றுச் சிறுநீரகமும் மருந்தாய்வும்

 

1954ஆம் ஆண்டின் இறுதி. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் மருத்துவர்களிடம் ஒரு வினாவை எழுப்பினார். அவர் பெயர் ரொனால்டு ஹெரிக். அவருடன் ஒரே கருவில் தோன்றிய இரட்டையரான ரிச்சர்டு, இரு சிறுநீரகங்களும் பழுதுற்றுச் சாவின் விளிம்பில் கிடந்தார். தம் சிறுநீரகங்களுள் ஒன்றை உடன்பிறந்தவருக்கு ஈய ரொனால்டு முன்வந்தார். எனினும், ஒப்புதல் தருமுன் அவர் கேட்டது இது: சிறுநீரகத்தைக் கொடுத்தால், தம் ஆயுள் முழுமைக்கும் தம் உடல்நலத்திற்கு மருத்துவமனை பொறுப்பேற்குமா?

இல்லை என்றே அறுவை மருத்துவர் ஹாரிசன் விடையிறுத்தார். உடனே அவரே, நாளை உதவி தேவைப்பட்டால் இவ்வறையில் இருப்போருள் எவரேனும் மறுத்துவிடுவர் என்று எண்ணுகிறீரா எனத் திருப்பிக் கேட்டார். சட்டத்தின் காவல் ஏதுமின்றி, மருத்துவர்களின் மனச்சான்றை மட்டுமே நம்பி ரொனால்டு இசைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஜோசஃப் மர்ரே என்னும் மருத்துவர் அவ்வறுவையை நிகழ்த்தினார். ரிச்சர்டு மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். மர்ரே 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வெற்றி ஒரே கருவில் தோன்றிய இரட்டையர்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது. மற்றவர் உறுப்பை உடல் அயலாராகவே கருதும். எதிர்ப்பாற்றல் படை திரட்டி அதனை அழிக்கும். அப்படையை அடக்குவதற்கு அன்று அறியப்பட்டிருந்த வழி உடல் முழுவதும் கதிர்வீச்சைப் பாய்ச்சுவது. 1958 முதல் 1962 வரை பாஸ்டனில் அம்முறைக்கு உட்பட்டோர் பன்னிருவர். அவருள் நெடுநாள் பிழைத்தவர் ஒருவரே. ஏனைய பதினொருவரின் பெயர்கள் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. ஆயினும், இவ்வழி வழியன்று என்பதை உலகிற்கு உணர்த்தியவர்கள் அவர்களே.

அதன்பின் வந்தவை மருந்துகள். அசாதயோப்ரின் என்னும் மருந்து முதலில் நாய்களிடம் ஆய்ந்து பார்க்கப்பட்டது. நாய்கள் பல மாண்டன; இவ்வரலாற்றைப் பேசுவோர் அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. 1960களில் அம்மருந்துடன் ஸ்டீராய்டு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தபோது, உறவினர் அல்லாதாரின் சிறுநீரகமும் உடலில் தங்கும் என்பது புலனாயிற்று. நம் மாநிலத்தின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நிகழ்ந்தது அம்மருந்துகளின் காலத்தில்தான். எனினும் அன்று, இறந்தோரிடமிருந்து பெற்றுப் பொருத்திய சிறுநீரகங்களுள் ஏறத்தாழப் பாதி ஓராண்டிற்குள் கெட்டுப்போயின.

நிலைமையை மாற்றியது ஒரு பிடி மண். நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விடா பீடபூமிக்கு விடுமுறையில் சென்ற சுவிட்சர்லாந்து மருந்து நிறுவன ஊழியர் ஒருவர் அங்கிருந்து மண்ணெடுத்து வந்தார். அம்மண்ணில் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து கிடைத்ததே சைக்ளோஸ்போரின். 1972இல் அதன் எதிர்ப்பாற்றல் அடக்கும் தன்மை கண்டறியப்பட்டது. 1978இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ராய் கான் என்னும் அறுவை மருத்துவர் அதனைச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோர்க்கு முதன்முதல் அளித்தார். விலங்குகளிடம் தென்படாத தீங்கு ஒன்று மனிதரிடம் அப்போது வெளிப்பட்டது. சிறுநீரகத்தைக் காக்க வந்த மருந்தே சிறுநீரகத்தை நலியச் செய்தது! நாய்க்கும் எலிக்கும் பொருந்திய விடை மனிதர்க்கு அப்படியே பொருந்தவில்லை. அளவு அதிகம் என்பது உணரப்பட்டு, நோயாளிக்கு நோயாளி பார்த்து மருந்து குறைக்கப்பட்டது.

அவையீர்! இவ்விடத்தில்தான் மருந்தாய்வு என்பது எதற்கு என்னும் வினா எழுகிறது. புதிய மருந்து நல்லது என்று கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் நம்பினர். அதன் நஞ்சைக் கண்ட வேறு சிலர் ஐயுற்றனர். இரு சாராரும் கற்றவர்களே. இரு சாராரும் நோயாளியின் நலம் நாடியவர்களே. யார் கூற்று மெய் என்பதை வாதத்தால் தீர்க்க இயலாது. ஆகவே ஐரோப்பிய மருத்துவமனைகள் பல ஒன்றுகூடி 232 நோயாளிகளை இரு பிரிவாகப் பகுத்தன. யார் எப்பிரிவு என்பதை மருத்துவரும் தேர்ந்தெடுக்கவில்லை, நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் முறையே முடிவு செய்தது. ஒரு பிரிவினர்க்குச் சைக்ளோஸ்போரின்; மறு பிரிவினர்க்குப் பழைய மருந்துகள். 1983இல் ஓராண்டு முடிவுகள் வெளிவந்தன. பழைய மருந்து பெற்றோருள் 52 விழுக்காட்டினரின் மாற்றுச் சிறுநீரகம் இயங்கிக்கொண்டிருந்தது. புதியது பெற்றோருள் 72 விழுக்காடு. வாதம் ஓய்ந்தது.

குலுக்கல் என்றதும் குடும்பத்தார் அஞ்சுவதுண்டு. எங்கள் பிள்ளையின் உயிரைச் சீட்டுப் போட்டுப் பார்ப்பதா என்பர். அச்சம் இயல்பே. ஆனால், மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால் என்ன நேரும்? தாம் நம்பும் மருந்தை, தேறிவிடக் கூடியவர் என்று தமக்குத் தோன்றும் நோயாளிகளுக்கே அவர் அறியாமலேயே கொடுத்துவிடுவார். பின்னர் மருந்து வென்றதா, நோயாளியின் உடல்வலிமை வென்றதா என்பது விளங்காது போகும். எது சிறந்தது என்று உண்மையாகவே தெரியாத நிலையில் மட்டும் குலுக்கல் நேர்மையானது. தெரிந்திருந்தும் குலுக்கினால் அது குற்றம்.

மற்றோர் ஐயமும் பலர்க்கு உண்டு. மருந்தேயில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்துச் சோதிப்பார்களோ என்பது அது. மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளைப் பொறுத்தவரை, எதிர்ப்பாற்றலை அடக்காமல் விட்டால் சிறுநீரகம் அழியும் என்பது ஐயமற்ற உண்மை. ஆதலின் புதிய மருந்து, வழக்கத்திலுள்ள மருந்துடன்தான் ஒப்பிடப்படும். வழக்கத்திலுள்ள மருத்துவத்தோடு கூடுதலாக ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும்போது வெறும் மருந்து இடம்பெறலாம். கொரோனாக் காலத்தில், 2021இல், கனடாவின் டொரான்டோ நகரில் அவ்வாறு ஓர் ஆய்வு நடந்தது. தொடக்கத் தடுப்பூசி ஆய்வுகளில் உறுப்பு மாற்றம் பெற்றோர் சேர்க்கப்படவில்லை. இரண்டு ஊசிகள் அவர்களைக் காக்குமா என்பது எவர்க்கும் தெரியாதிருந்தது. டொரான்டோவில் 120 பேருள் பாதிப்பேர்க்கு மூன்றாம் ஊசியும், மீதிப்பேர்க்கு உப்புநீர் ஊசியும் போடப்பட்டன. போதிய எதிர்ப்பொருள் உண்டானோர் முதற்பிரிவில் 55 விழுக்காடு. மற்றதில் 18 விழுக்காடு. பொதுமக்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை இவர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, வல்லுநரின் கணிப்பே பொய்த்த வரலாறு ஒன்றைக் கூற வேண்டும். சிரோலிமஸ் என்றொரு மருந்து. அதுவும் மண்ணிலிருந்து, பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து, கிடைத்ததுதான். சைக்ளோஸ்போரினைப் போல் அது சிறுநீரகத்தை நலியச் செய்யாது என்று எதிர்பார்க்கப்பட்டது. டாக்ரோலிமஸ் என்பது ஜப்பான் நாட்டு மண் தந்தது. சைக்ளோஸ்போரினின் இனத்தைச் சார்ந்தது. அதே நச்சுத்தன்மையும் உடையது. எதனை, எவ்வளவு கொடுப்பது? சிம்ஃபனி என்று பெயரிடப்பட்ட ஆய்வில் பதினைந்து நாடுகளின் 1645 நோயாளிகள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். வழக்கமான அளவில் சைக்ளோஸ்போரின், குறைந்த அளவில் அதுவே, குறைந்த அளவில் டாக்ரோலிமஸ், குறைந்த அளவில் சிரோலிமஸ் என்பன அப்பிரிவுகள். துணை மருந்துகளும் உடன் அளிக்கப்பட்டன.

2007இல் முடிவு வெளியாயிற்று. சிறுநீரகத்திற்குத் தோழன் எனக் கருதப்பட்ட சிரோலிமஸ் பிரிவில், உடல் உறுப்பை எதிர்த்துத் தாக்கிய நிகழ்வு 37 விழுக்காட்டினர்க்கு ஏற்பட்டது. குறைந்த அளவு டாக்ரோலிமஸ் பிரிவில் அது 12 விழுக்காடே. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் டாக்ரோலிமஸ் பெற்றோர்க்கே மிகுதியாயிருந்தது. இன்று உலகின் பல பகுதிகளிலும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் டாக்ரோலிமஸ் விழுங்குகின்றனர் எனின், அதற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வுகளுள் இது தலையாயது. சிரோலிமஸ் பிரிவில் விழுந்த ஏறத்தாழ நானூறு பேர் என்ன பெற்றனர் என்பதையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவர்களை எவரும் ஏமாற்றவில்லை. எது நல்லது என்று அன்று எவர்க்கும் தெரியாது.

இதனைக் கேட்ட எவரும், குறைந்த அளவே நல்லது போலும் என்று தாமாகவே மாத்திரையைக் குறைத்துவிடலாகாது. அவ்வாய்வில் குறைந்த அளவு என்றது மாத்திரையின் எண்ணிக்கையை அன்று. குருதியில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்பதை அடிக்கடி சோதித்து அறிந்த அளவு அது. ஒரே மாத்திரை ஒருவர் குருதியில் மிகுந்தும் மற்றொருவரிடம் குறைந்தும் நிற்கும்.

மருந்தே வேண்டாத நிலையை நாடியும் ஆய்வுகள் நடக்கின்றன. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஐவர்க்குச் சிறுநீரகத்தோடு அதே கொடையாளியின் எலும்பு மச்சையும் செலுத்தப்பட்டது. 2008இல் வெளிவந்த அறிக்கையின்படி, நால்வர் எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்துகள் அனைத்தையும் நிறுத்த முடிந்தது. மூன்றாமவரின் சிறுநீரகம் சில நாட்களிலேயே கெட்டது. அவர்க்கு நேர்ந்ததைக் கண்டபின், நான்காமவர்க்கும் ஐந்தாமவர்க்கும் முறை திருத்தி அமைக்கப்பட்டது. மூன்றாமவரின் இழப்பு இல்லையேல் அத்திருத்தமும் இல்லை. இத்தகைய இழப்பிற்கு யார் பொறுப்பு என்பதே அன்று ரொனால்டு கேட்ட வினாவின் உட்பொருள்.

இந்தியாவில் அவ்வினாவிற்கு இன்று எழுத்தில் விடை உண்டு. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, ஆய்வில் பங்குபெறுவோர்க்கு அதனால் தீங்கு நேரின், இலவச மருத்துவமும் இழப்பீடும் அளித்தல் ஆய்வை நடத்துவோரின் கடமை. ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழு ஒன்று இசைவளிக்க வேண்டும். ஏழு பேருக்குக் குறையாத அக்குழுவில் பாதிப்பேர் அந்நிறுவனத்தைச் சாராதவராயிருத்தல் வேண்டும். சட்டம் அறிந்தவரும், மருத்துவம் சாராத பொதுமகன் ஒருவரும், பெண் ஒருவரும் இடம்பெறுதல் வேண்டும். முதல் நோயாளி சேருமுன்பே இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதியப்படல் வேண்டும்; அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம். எந்நேரமும் காரணம் கூறாமலே விலகலாம். விலகியவர்க்கு வழக்கமான மருத்துவம் மறுக்கப்படலாகாது.

விதி ஏட்டில் இருத்தல் வேறு. நோயாளி அதனை அறிந்திருத்தல் வேறு. டயாலிசிஸ் அறையில் களைத்துக் கிடப்பவரிடம் பல பக்கப் படிவத்தை நீட்டினால், மருத்துவரின் முகம் பார்த்தே அவர் கையெழுத்திடுவார். தகவல் தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது விதி. வீட்டார் அதனை வாங்கி வந்து ஓரிரவேனும் நிதானமாய்ப் படிக்கலாம். எந்த மருந்துடன் எந்த மருந்து ஒப்பிடப்படுகிறது, எத்தனை முறை குருதி எடுப்பார்கள், திசு எடுத்துச் சோதிப்பார்களா, போக்குவரத்துச் செலவு யாருடையது, ஆய்வு முடிந்தபின் அம்மருந்து தொடர்ந்து கிடைக்குமா, நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது ஆகியவற்றைக் கேட்டறியலாம். கேட்பதனால் நல்ல மருத்துவர் சினங்கொள்ளார். வேண்டாம் என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. இசைந்து கையொப்பமிட்டால், அப்படிவத்தின் ஒரு படி அவரிடம் தரப்படல் வேண்டும். தகவல் தாளோடு சேர்த்து அதனை வீட்டில் மருத்துவக் கோப்பின் முதற்பக்கத்தில் வைத்தல் நன்று.