ஒளிந்திருக்கும் இராணி



304 விளையாடிப் பழகியவருக்குப் பிறிட்ஜில் சீட்டுப் போடும் முறை அரை மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும். கேள்வி கேட்கும் முறைக்குத்தான் மாதக் கணக்காகும். இரண்டிலும் எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். துரும்பு உண்டு, இனத்துக்கு இனம் போட வேண்டும். ஆனால் 304இல் 32 சீட்டு, ஜாக்தான் பெரியவர். பிறிட்ஜில் 52 சீட்டு, ஆளுக்குப் 13, ஆசுதான் பெரியது. கழகங்களில் வாய் திறந்து கேட்கவும் தேவையில்லை, பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தால் போதும். இந்த நாட்டு மொழி நாக்கில் வராத எங்கள் பெரியவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது அங்கே போய் இருந்தவர்களுக்குத் தெரியும்.

முதற் சீட்டு விழுந்தவுடன், கேள்வியை வென்றவரின் கூட்டாளி தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிடுவார். மிச்சமுள்ள 26 சீட்டும் இடம் வலம் இருக்கும் இருவரிடம் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று ஊகிப்பதுதான் ஆட்டக்காரரின் வேலை.

ஸ்கோப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஆசு, இராசா, ஜாக், 10, 9. என் கையில் 7, 6, 5, 3. மொத்தம் ஒன்பது. வெளியே இராணி, 8, 4, 2. ஆசைப் போடுகிறேன், இரு பக்கமும் சின்னச் சீட்டு விழுகிறது. வேறு இனத்தால் என் கைக்கு வந்து ஒரு சின்ன ஸ்கோப்பனைப் போடுகிறேன். இடப்பக்கத்துக்காரர் இன்னொரு சின்னதைப் போடுகிறார். இப்போது இராசாவா, ஜாக்கா? இராணி இடப்பக்கம் என்றால் ஜாக் பிடிக்கும். வலப்பக்கம் தனித்திருந்தால் இராசாவின் கீழ் விழும்.

வெளியே நாலு சீட்டு இருந்தால் மூன்றுக்கு ஒன்றாகப் பிரிவது 49.7 வீதம், இரண்டுக்கு இரண்டு 40.7 வீதம். அப்படியானால் ஜாக்தானே சரி என்று தோன்றும். இல்லை. அந்த வீதங்கள் ஒரு சீட்டும் விழமுதல் உள்ள கணக்கு. இப்போது இடப்பக்கத்தவர் இரண்டு ஸ்கோப்பன் காட்டிவிட்டார், அவர் கையில் தெரியாத இடம் 11. வலப்பக்கத்தவர் ஒன்றுதான் காட்டினார், 12. இராணி இந்த 23 இடங்களில் ஒன்றில் இருக்கிறாள். ஆகவே 52க்கு 48, இராசாவைப் போட வேண்டும். மயிரிழை வித்தியாசம்தான். வலப்பக்கத்தவர் கேள்வியில் தன்னிடம் ஏழு ஆட்டின் உண்டென்று காட்டி, மற்றவரிடம் இரண்டுதான் என்று தெரிந்தால், இடங்கள் வலம் 5, இடம் 9 ஆகிவிடும். அப்போது ஜாக்கைத்தான் வைக்க வேண்டும். கேள்வியைக் காதில் வாங்காமல் விதியை மட்டும் பாடமாக்கியவர்கள் இங்கேதான் விழுவார்கள்.

இனி எனக்கும் என் கூட்டாளி அண்ணருக்கும் ஒரு கிழமை பேச்சில்லாமல் போன கதை. ஊரில் 304க்குப் பேர் போன மனிசன். அன்று மேசையில் ஆசு, இராசா, 10, 9, 8. என் கையில் அதே 7, 6, 5, 3. வெளியே இராணி, ஜாக், 4, 2. ஆசுக்கு வலப்பக்கத்திலிருந்து இராணி விழுந்தது. மறுபடி சின்னதைப் போட்டேன், இடப்பக்கம் 4. நான் 10ஐ வைத்தேன். வலப்பக்கத்தவர் ஜாக்கால் பிடித்தார், ஆட்டம் போய்விட்டது.

"23 இடம், வலப்பக்கம் 12 என்று நீர்தானே சொல்லித் தந்தது? ஏன் இராசாவைப் போடேல்லை?" என்று அண்ணர் என் கணக்கையே என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கை மறுபடி வந்தாலும் நான் 10ஐத்தான் வைப்பேன். இராணி தனியாக இருந்தால் அவர் அதைப் போட்டே ஆக வேண்டும். இராணியும் ஜாக்கும் சேர்ந்திருந்தால் எதையும் போடலாம், பாதித் தடவை ஜாக்கைப் போட்டிருப்பார். இராணி மட்டும் வலப்பக்கம் இருப்பது 6.2 வீதம். இரண்டும் சேர்ந்திருப்பது 6.8, அதில் இராணி முதலில் விழுவது பாதி, 3.4. ஆகவே 10ஐ வைப்பது நூற்றுக்கு 65 தடவை வெல்லும். அன்று மற்ற 35இல் ஒன்று வந்தது. 1958இல் ரெறன்ஸ் றீஸ் தன் பிறிட்ஜ் நூலில் இந்த நியாயத்தை விளக்கிப் பரப்பினார். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அண்ணர் ஒரு கிழமை யோசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார். "பாதித் தடவை எண்டு ஆர் சொன்னது? அந்த மனிசன் இரண்டு படம் இருந்தால் எப்பவும் பெரியதைத்தான் முதல் விடும்."

அது உண்மையானால் என் 65 நிற்காது. எப்போதும் இராணியையே விடுகிறவர் என்றால் 6.8க்கு 6.2, இராசாதான் சரி. அதே மனிதரிடமிருந்து முதலில் ஜாக் விழுந்தால் இராணி அவரிடம் இருக்கவே முடியாது. நான் சீட்டைப் பார்த்தேன், அண்ணர் ஆளைப் பார்த்திருக்கிறார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஒரு சின்னக் கொப்பியோடு வருகிறார். அந்த மனிதர் இரண்டு படத்தில் எதை முதலில் விடுகிறார் என்று ஆட்டம் முடிய எழுதி வைக்கிறார். முடிவு சொல்ல இன்னும் கனக்கக் கைகள் வர வேண்டும்.