வீடியோ கேமில் நாயகி எங்கே?

(கோடை விடுமுறைப் போட்டிகளை ஒட்டி நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் சி பிளாக் குடியிருப்பாளர்.)

எனக்குப் பிறகு தண்ணீர் லாரிக் கணக்கு பற்றிய விவாதம் இருக்கிறது. அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

பிள்ளைகள் வீடியோ கேம் ஆடும்போது பேசுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சினிமாவில் கதாநாயகன் கீழே விழுந்தால் "ஹீரோ விழுந்துட்டான்" என்பார்கள். கேமில் அதே பாத்திரம் விழுந்தால் "ஐயோ, நான் விழுந்துட்டேன்" என்பார்கள். சினிமாவில் பார்க்கிறோம், கேமில் நாமே அந்தப் பாத்திரமாகிவிடுகிறோம். அதனால், திரையில் எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று எண்ணினால் போதாது. "நான்" என்று சொல்லி ஆடக்கூடிய இடத்தில் ஒரு பெண் இருக்கிறாளா, இருந்தால் அவளால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1981-இல் நிண்டெண்டோ நிறுவனம் 'டாங்கி காங்' என்ற கேமை வெளியிட்டது. ஒரு கொரில்லா ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் வைத்துக்கொள்ளும். அவள் அங்கே நின்று உதவி கேட்பாள். மீசைக்கார நாயகன் உருளும் பீப்பாய்களைத் தாண்டி ஏறிப் போவான். அவன்தான் பிறகு மாரியோ என்று உலகப் புகழ் பெற்றான். 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' எட்டு உலகங்கள் கொண்டது. ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்தாலும் இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று சொல்லி அனுப்புவார்கள். எட்டாவது உலகத்தின் முடிவில்தான் அவள் கண்ணில் படுவாள். ஆடுபவருக்கு ஓடவும் குதிக்கவும் பட்டன் உண்டு. அவளுக்கு இருந்த ஒரே வேலை காத்திருப்பது.

பெண்களை யாருமே நினைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1980-இல் 'பேக்-மேன்' கேமை வடிவமைத்த ஜப்பானியர் தோரு இவதானி, பெண்களும் கேம் கடைகளுக்கு வர வேண்டும் என்று எண்ணித்தான் சண்டைக்குப் பதிலாகச் சாப்பிடுவதைக் கருவாக வைத்தார். 1982-இல் அமெரிக்காவில் 'மிஸ் பேக்-மேன்' வந்தது. அதே மஞ்சள் வட்டம், தலையில் ஒரு சிவப்பு ரிப்பன், உதட்டுச் சாயம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த கேம் முந்தையதைவிடச் சவாலானது. ஒரே பாதைக்குப் பதிலாக நான்கு விதமான பாதைகள், நகர்ந்துகொண்டே இருக்கும் பழங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கேம் கடைகளில் மிக அதிகமாக ஆடப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

1986-இல் வந்த 'மெட்ராய்டு' இன்னும் சுவாரசியமானது. உடல் முழுவதும் கவசம் அணிந்த விண்வெளி வீரர் சாமஸ் ஆரன்தான் நாயகர். ஆங்கிலக் கையேட்டில் அவரை 'அவன்' என்றே எழுதியிருந்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஆட்டத்தை முடித்தால் கடைசியில் கவசம் விலகும், உள்ளே இருப்பவர் ஒரு பெண். அதுவரை "நான் சுட்டேன், நான் ஜெயித்தேன்" என்று சொன்ன பையன்கள் எல்லாம் ஒரு பெண்ணாகத்தான் ஆடியிருக்கிறார்கள்! தமிழில் 'அவன் குதித்தான்', 'அவள் குதித்தாள்' என்றால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். 'நான் குதித்தேன்' என்றால் தெரியாது. சாமஸ் செய்தது அதைத்தான். இதில் ஒரு உறுத்தலும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவளைக் காட்டுவார்கள். அவ்வளவு பெரிய வீராங்கனையையும் கடைசியில் பரிசுப் பொருளாக்கிவிட்டார்கள்.

இந்த இரட்டைத்தன்மை பிறகும் தொடர்ந்தது. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' கேமில் தேர்ந்தெடுக்கக்கூடிய எட்டுப் பேரில் சுன்-லி ஒருத்திதான் பெண். 1996-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில் இருந்த கோர் டிசைன் நிறுவனம் 'டூம் ரைடர்' கேமை உருவாக்கியது. அதன் நாயகி லாரா கிராஃப்ட். 2001-இல் ஏஞ்சலினா ஜோலி நடித்து வந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். லாரா பாழடைந்த கோயில்களில் தனியாக ஏறுவாள், புதிர் அவிழ்ப்பாள், யாரும் வந்து காப்பாற்றக் காத்திருக்க மாட்டாள். ஆனால் விளம்பரங்கள் அவள் அறிவையா காட்டின? உடலைத்தான் காட்டின. 2013-இல் ரியானா பிராட்செட் என்ற பெண் எழுத்தாளர் எழுத, அந்தக் கதை புதிதாகத் தொடங்கியது. அதில் லாரா பயப்படுகிறாள், காயப்படுகிறாள், தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்கிறாள்.

"ஆடுபவர்கள் ஆண்கள், அவர்களுக்கு ஆண் நாயகன்தான் பிடிக்கும்" என்பது தயாரிப்பாளர்கள் நெடுநாள் சொல்லிவந்த காரணம். 2014-இல் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' கேமில் நான்கு பேர் சேர்ந்து ஆடும் பகுதியில் ஏன் ஒரு பெண் பாத்திரமும் இல்லை என்று கேட்டபோது, கூடுதல் உருவம், உடை, அசைவுகள் எல்லாம் செய்ய வேலை அதிகம் என்று பதில் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே வரிசையில் வந்த 'ஒடிசி'யில் கசாண்ட்ரா என்ற பெண்ணாகவோ அலெக்சியோஸ் என்ற ஆணாகவோ முழுக் கதையையும் ஆடலாம். வேலை அதிகம் என்றவர்களால் மனது வைத்தபோது முடிந்தது. 'மாஸ் எஃபெக்ட்' வரிசையிலும் நாயகர் ஆணா பெண்ணா என்பது நம் விருப்பம். விளம்பரங்களில் பெரும்பாலும் ஆண் முகமே இருந்தது. ஆனாலும் 2021-இல் மறுபடி வெளியிட்டபோது 32% பேர் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தயாரித்த நிறுவனமே அறிவித்தது. 2015-இல் 'ஃபிஃபா 16' கால்பந்து கேமில் முதன்முறையாக 12 நாடுகளின் பெண்கள் அணிகள் இடம்பெற்றன.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் செல்டா. 1986-இல் தொடங்கிய அந்த வரிசைக்கு 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்று இளவரசியின் பெயரையே வைத்தார்கள். ஆனால் நாம் ஆடியது லிங்க் என்ற பையனாக. 2024-இல் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' கேமில்தான் அந்த முதன்மை வரிசையில் செல்டாவே நாயகியானாள். அதை இயக்கியவர் தோமோமி சானோ, அந்த வரிசையின் முதல் பெண் இயக்குநர். கதைக்குத் தன் பெயரைக் கொடுத்தவள், தன் கதையைத் தானே ஆட 38 ஆண்டுகள் ஆயின.

நாயகி என்றால் வாளும் துப்பாக்கியும் வேண்டுமா? வேண்டியதில்லை. 2023-இல் கனடாவின் டொராண்டோ நகரத்திலுள்ள விசை கேம்ஸ் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. 1980-களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ் அம்மாவின் கதை. நாம் அந்த அம்மாவாகச் சமைக்கிறோம். கையில் இருப்பது அவள் அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு. கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதிலிருந்து எல்லாவற்றையும் நாம் ஊகித்துச் செய்ய வேண்டும். அது பிரிட்டனின் பாஃப்டா விருதையும் வென்றது. "மறுபடியும் பெண்ணை அடுப்படியிலா நிறுத்துவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பின்பகுதியில் வளர்ந்த மகனும் சமைக்கிறான், அப்போது நாம் அவனாக ஆடுகிறோம். நம் வீடுகளில் யாரும் திரும்பிப் பார்க்காத வேலை, அந்த கேமில் யோசித்துச் செய்ய வேண்டிய திறமையாகிறது. உடையையும் ஆயுதத்தையும்விட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

இப்போது நம் கட்டடத்துக்கு வருகிறேன். கோடைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் தாள் லிஃப்ட் பக்கத்தில் பத்து நாளாக ஒட்டியிருக்கிறது. வீடியோ கேம் பிரிவில் இதுவரை ஒரு பெண் பெயர்கூட இல்லை. நம் பெண் பிள்ளைகள் ஆடாமல் இல்லை, போனில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று சிலரைக் கேட்டேன். "தோத்தா ‘கேர்ள்ஸ்னாலே இப்படித்தான்’னு சொல்வாங்க ஆன்ட்டி. ஜெயிச்சா ‘விட்டுக்கொடுத்தோம்’னு சொல்வாங்க" என்றாள் ஒரு பெண். ஆன்லைனில் ஆடும்போது மைக்கை அணைத்துவிடுவதாகவும், பெண் என்று தெரியாத பெயரை வைத்துக்கொள்வதாகவும் இன்னொருத்தி சொன்னாள். உலகம் முழுவதும் பெண்கள் செய்வது இதுதான். திரைக்குள் நாயகிகள் கவசத்தைக் கழற்றி வெளியே வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் கவசத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

இதை மாற்ற நிண்டெண்டோ வர வேண்டியதில்லை. நாமே செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, பிள்ளைக்கு ஒரு கேம் வாங்கித் தரும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். இதில் பெண் இருக்கிறாளா, அவள் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். அட்டையில் உள்ள வயது முத்திரையையும் பாருங்கள். நான் சொன்னவற்றில் சில பெரியவர்களுக்கானவை. நாயகி இருக்கிறாள் என்பதற்காக எல்லாம் சிறுவர்களுக்கு ஏற்றதாகிவிடாது.

இரண்டு, பையன்கள் பெண் பாத்திரத்தை எடுத்தால் கேலி செய்யாதீர்கள். ஒரு மணி நேரம் பெண்ணாக "நான்" என்று சொல்லிப் பழகுவது அவனுக்கு நல்லதுதான்.

மூன்று, செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பெண்களுக்குத் தனிப் போட்டி வேண்டாம். ஆனால் விளையாட்டு அறையில் கன்ட்ரோலர் யாருக்கு எப்போது என்று முறை எழுதி ஒட்டுங்கள். கேலி செய்தால் அந்தச் சுற்றிலிருந்து வெளியே என்ற விதியையும் சேர்த்து எழுதுங்கள். போட்டிக்கு வைக்கும் கேம்களில் ஒன்றையாவது நாயகியாக ஆடக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள்.

பெயர் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருக்கிறது. பாயில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளே, தாளுக்குப் பக்கத்திலேயே பேனாவும் கட்டித் தொங்குகிறது. அம்மாக்களும் பாட்டிகளும்கூடப் பெயர் கொடுக்கலாம், வயது வரம்பு இல்லை என்று செயலாளர் இப்போதுதான் தலையாட்டினார்.

இனித் தண்ணீர் லாரிக் கணக்கைப் பேசலாம்.