வரிக்கணக்கு எழுதும் இரு வழிகள்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் பேசற்குரிய நாம் இன்று வருமான வரியைப்பற்றிப் பேச முற்பட்டமை சிலர்க்கு வியப்பைத் தரலாம். பொருளின்றி இல்லறம் நடவாது. கணக்கின்றிப் பொருள் நில்லாது. நம் குடும்பங்களில் மாதச் சம்பளம் பெறுவோரும், ஓய்வூதியம் பெறுவோரும், சிறு வாணிகஞ் செய்வோரும், பங்குகளை வாங்கி விற்கும் இளைஞரும் உளர். கணக்கு ஒப்புவிக்குங் காலம் வருந்தோறும் இவர்கள், 'ஆன்லைனிலேயே எழுதிவிடலாமா, சாப்ட்வேரை நம் கம்ப்யூட்டரில் இறக்கி எழுதுவது நலமா?' என வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை காண்டலே இவ்வுரையின் நோக்கமாம்.

இந்நாட்டில் வருமான வரியை 1860-ஆம் ஆண்டில் முதன்முதற் புகுத்தியவர், வைஸ்ராயின் சபையில் நிதி அங்கத்தினராயிருந்த ஜேம்ஸ் வில்ஸன் என்பவர். பின்னர் 1922-லும் 1961-லும் விரிவான சட்டங்கள் எழுந்தன. 2025-ல் இயற்றப்பெற்ற புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1-ஆம் நாளைத் தன் தொடக்கமாகக் கொண்டது; அதற்கு முன் ஈட்டிய வருமானத்துக்குப் பழைய சட்டமே உரியது. காகிதத்தில் எழுதி ஆபீசிற் கொடுக்கும் வழக்கமோ பெரும்பாலும் அருகிவிட்டது. 80 வயது நிரம்பிய முதியோர் ஐ.டி.ஆர்-1, ஐ.டி.ஆர்-4 ஆகிய படிவங்களைக் காகிதத்தில் தர இடம் வைத்துள்ளனர். ஏனையோர்க்கு மின்வழி ஒன்றே வழி. அவ்வழிதான் இரண்டாகப் பிரிகின்றது.

முதலாவது, வருமான வரி இலாகாவின் தளத்துக்குள் நுழைந்து ஆங்கேயே எழுதுதல். இப்போதுள்ள தளம் 2021 ஜூன் 7-ஆம் நாள் திறக்கப்பட்டது. பான் எண்ணும் கடவுச்சொல்லுங் கொண்டு உட்புகின், சம்பளம், வங்கி வட்டி, பிடித்த வரி முதலியன பெரும்பாலும் முன்னரே நிரம்பியிருக்கக் காணலாம். எதனையும் இறக்க வேண்டுவதில்லை. பதிப்புப் பழையதாயிற்றே என்னுங் கவலையும் இல்லை. குறை யாதெனில், இணையத் தொடர்பு இடையறாது நிற்றல் வேண்டும். சிறிது நேரம் வாளாவிருப்பின் வாயில் தானே அடைபடும். சேமித்த பகுதி நிற்கும், சேமியாதது போம்.

இரண்டாவது, அவ்விலாகாவே இலவசமாக வழங்கும் கருவியை நம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்து எழுதுதல். விண்டோஸ் கம்ப்யூட்டருக்குரிய கருவி ஒன்றும், எக்செலில் இயங்குவது ஒன்றும் உள. முன்நிரம்பிய விவரங்களைத் தளத்தினின்று ஒரு கோப்பாகப் பெற்று இதனுள் ஏற்றிக்கொண்டால், அப்பால் இணையம் இல்லாமலே நாட்கணக்கில் ஆறஅமர எழுதலாம். முடிவில் ஜேசன் என்னும் வகைக் கோப்பு ஒன்று உண்டாகும். அதனைத் தளத்தில் ஏற்றல் வேண்டும். இலாகா கருவியைப் புதுப்பிக்குந்தோறும் நாமும் புதியதை இறக்கிக்கொள்ளல் வேண்டும். கைபேசி மட்டும் உடையார்க்கு இவ்வழி உதவாது.

தனியார் கம்பெனிகள் விலைக்கு விற்கும் சாப்ட்வேர்களும் இவ்விருவகையினவே. பலர் கணக்கை எழுதும் ஆடிட்டர்களுக்கு அவை தக்கன. ஒரு குடும்பத்துக்கு இலாகாவின் இலவசக் கருவிகளே பெரிதும் போதும்.

இனி யார்க்கு எது ஏற்றது என்பதை ஆராய்வோம். 50 லட்சத்துக்கு மேற்படாத மொத்த வருமானமும், சம்பளமோ ஓய்வூதியமோ, ஒரு வீடு, வங்கி வட்டி என்னும் அளவும் உடையார்க்குரியது ஐ.டி.ஆர்-1. அதனைத் தளத்திலேயே ஓரிருக்கையில் எழுதி முடிக்கலாம். கருவியை இறக்குவது வீண் வேலை. பங்குகளைப் பன்முறை விற்றவருக்கு ஐ.டி.ஆர்-2 வேண்டியதாகலாம். வரிசை வரிசையாக விவரம் எழுதவேண்டிய அவர் தம் கம்ப்யூட்டரில் இருந்து எழுதுதலே தக்கது. இணையம் அடிக்கடி அறுபடும் ஊரினர்க்கும் அஃதே நன்று. காலமும் சில வேளை அவ்வழியையே காட்டும். 2025 ஜூலையில் ஐ.டி.ஆர்-2க்குரிய எக்செல் கருவி முந்தி வெளிவர, தளத்தில் எழுதும் வசதி ஏறக்குறைய ஒரு வாரம் பிந்தியே வந்தது.

நிற்க. எவ்வழியிற் சென்றாலும் நம் கண்ணே கணக்கைப் பார்த்தல் வேண்டும். முன்நிரம்பியது எனவே முற்றும் சரியானது என்று கொள்ளற்க. இருவர் பெயரிலுள்ள வைப்புத்தொகையின் வட்டி முழுவதும் முதற் பெயருடையார் கணக்கிலே காட்டப்பெறுதல் உண்டு. ஆதலின் 26ஏஎஸ் படிவத்தையும், 2021 நவம்பரிலிருந்து தளத்திற் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும், வங்கிப் புத்தகத்தையும் அருகே வைத்துக்கொண்டு ஒப்புநோக்குக. தளத்தில் விரைந்து எழுதுவோர் 'சரி, சரி' என்று அழுத்திக்கொண்டே போதல் இயல்பு. அங்ஙனம் விரைபவர் கருவியை இறக்கி நிதானமாக எழுதுவாராக. கருவியைக் கண்டு மருள்பவர் தளத்தில் எழுதினும், அனுப்புமுன் முழுப்படிவத்தையும் ஒருமுறை வாசிப்பாராக.

மற்றொன்றும் மறத்தலாகாது. எழுதுதல் வேறு, அனுப்புதல் வேறு, உறுதி செய்தல் வேறு. கருவியில் எழுதுவோருட் சிலர் கோப்பு உண்டானதும் வேலை முடிந்ததென நினைத்துவிடுகின்றனர். வேறு சிலர் ஏற்றிவிட்டு உறுதி செய்யாது விடுகின்றனர். 2022 ஆகஸ்டு 1 முதல், அனுப்பிய 30 நாளைக்குள் ஆதார் ஓ.டி.பி. முதலியவற்றால் உறுதி செய்தல் வேண்டும். அல்லது ஒப்பமிட்ட ஐ.டி.ஆர்-வி தாளைப் பெங்களூரிலுள்ள மத்திய அலுவலகத்துக்குத் தபாலில் விடுத்தல் வேண்டும். 30 நாள் கடந்து உறுதி செய்யின், அந்நாளே கணக்குக் கொடுத்த நாளாக எண்ணப்படும். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாமதித்தவர் செலுத்துங் கட்டணம் 5,000 ரூபாய் வரை. வருமானம் 5 லட்சத்துக்கு மேற்படாதார்க்கு 1,000 ரூபாய். அன்றியும் தாமதித்தவர் பங்கு விற்பனையில் வந்த நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல இயலாது. பழைய வரிமுறையைத் தெரிந்துகொள்ளும் உரிமையையும் இழப்பர். கெடு நீட்டிக்கப்பெறும் என நம்பியிருத்தலும் கூடாது. 2025-ல் ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15 ஆகவும், பின் 16 ஆகவும் நீண்டது உண்மையே. ஆயினும் ஒராண்டிற் பெய்த மழை மற்றோராண்டின் பயிரைக் காவாது.

இவ்விரு வழியும் அல்லாத மூன்றாம் வழி ஒன்றனைப் பலர் மேற்கொள்கின்றனர். நம்மைப் பெரிதும் வருத்துவது அதுவே. பிரவுசிங் சென்டர் சென்று பான், ஆதார், கடவுச்சொல், ஓ.டி.பி. யாவற்றையும் ஒருவர் கையிற் கொடுத்து, 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று திரும்பிவிடுதல். ஜேசன் கோப்பிலே நம் வருமானம், முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அடங்கியிருக்கும். அதனைப் பலர் புழங்கும் கம்ப்யூட்டரில் விட்டுவருதல் வீட்டுத் திறவுகோலைத் தெருவில் வைப்பதனோடொக்கும். அதனினும் கொடியது, 'ரீபண்டு அதிகம் வாங்கித் தருகிறோம்' என்பார் சொல்லை நம்புதல். கொடாத நன்கொடையையும் தாராத வாடகையையும் எழுதிக் கழிவு கேட்ட ஏஜெண்டுகளின் இடங்களில் 2025 ஜூலையில் வருமான வரி இலாகா நாடெங்கும் சோதனை நடத்தியது. பொய்க்கணக்கு எனத் தெளியின், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வரிக்கு 200 விழுக்காடு அபராதம் உண்டு. அதனைச் செலுத்துபவர் ஏஜெண்டு அல்லர். எவர் பெயரிற் கணக்குச் சென்றதோ அவரே. எழுதியவர் கை யாருடையதாயினும், ஒப்பம் நம்முடையதன்றோ?

ஆகவே தளத்தில் எழுதுவதா, வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதுவதா என்னும் வினாவுக்கு நாம் காணும் விடை இது: ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்தறிந்து ஒப்பமிட எவ்வழி இடந்தருமோ அவ்வழியே உமக்குரியது. சுருங்கிய கணக்குக்குத் தளமும், விரிந்த கணக்குக்குக் கருவியும் பெரும்பாலும் பொருந்தும்.

நம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஓய்வூதியம் பெறும் பெரியவரும், கணவரை இழந்து வங்கி வட்டியால் வாழும் அம்மையாரும் இருப்பர். அவர்கள் பொருட்டுக் கணக்கை நீங்களே எழுதிவிடாது, அருகிருந்து ஒவ்வொன்றையும் தமிழிற் சொல்லிக்காட்டி, அவர்கள் கையாலேயே ஓ.டி.பி.யை இடச் செய்யுங்கள். அனுப்பிய படிவத்தின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் அச்சிட்டு அவர்கள் பெட்டியில் வைத்து வாருங்கள். தம் கணக்கைத் தாமறிந்தவரை ஒருவர் ஏமாற்றுதல் அரிது.